காற்று போனால் ரயில் நிற்கும்: லண்டன் சுரங்க ரயிலின் பழைய குழாய்

லண்டன் அண்டர்கிரவுண்ட் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வண்ண வரைபடத்தைப் பற்றி எழுதுவார்கள், போர்க்காலத்தில் மக்கள் நடைமேடைகளில் படுத்து உறங்கியதைப் பற்றி எழுதுவார்கள். தண்டவாளத்தோடு கூடவே போகிற ஒரு குழாயைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் குழாய்க்குள் இருப்பது தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை. வெறும் காற்று. சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 பவுண்டு அழுத்தம். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லாரி டயரைவிடக் குறைவு. ரயில்வேக்காரர்கள் இதை ஏர் மெயின் என்கிறார்கள். மின் துணைநிலையங்களில் இருக்கும் கம்ப்ரசர்கள் இதற்குக் காற்று ஊட்டும். வழியில் இருக்கிற சிக்னல் கருவிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

1900-களின் தொடக்கத்தில் போட்ட ஏற்பாடு இது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் முழுசாகப் போகவில்லை. இதற்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: காசு. ஆனால் காசு மட்டும் காரணம் என்றால் நான் இதைத் தேடிப் படித்திருக்க மாட்டேன். எங்கள் துறையில் பழைய சிஸ்டம் ஒன்றை நிறுத்தவேண்டும் என்றால் முதல் கேள்வி, "இது என்ன வேலை செய்யுது?" என்பதில்லை. "இது இல்லாம போனா யார் கத்துவாங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியை இந்தக் குழாயிடம் கேட்டால் பதில் 1869-க்குப் போகிறது.

அந்த வருஷம் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற இருபத்திரண்டு வயது அமெரிக்கர் தன் முதல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சினில் ஒரு பம்ப், ஒரு தொட்டி. அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே குழாய். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று பெட்டிகளுக்குப் பாயும், பிரேக் பிடிக்கும். அதுவரை ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி போய்க் கைச்சக்கரம் திருகி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல்தான். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் பிய்ந்தாலோ, ரயில் இரண்டாக அறுந்தாலோ, காற்று வெளியே போய்விடும். பிரேக்கே இருக்காது. எப்போது பிரேக் மிக அவசரமாகத் தேவையோ சரியாக அப்போது அது இல்லாமல் போகும்.

1872-ல் அவர் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தொட்டி. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தப் பெட்டியில் உள்ள டிரிப்பிள் வால்வு தன் சொந்தத் தொட்டியிலிருந்து காற்றை எடுத்துப் பிரேக் சிலிண்டருக்குள் விடும். டிரைவர் குறைத்தாலும் சரி, ஹோஸ் பிய்ந்தாலும் சரி, ரயில் அறுந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான்: நிற்கும். காற்று "நில்" என்று சொல்லவில்லை. காற்று சொல்வது "போகலாம்" மட்டும். அது பேசாமல் இருந்தால் நில் என்று அர்த்தம்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்று பிரிட்டன் 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா ஊருக்குப் பக்கத்தில் தெரிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போன ரயில், மேட்டில் ஏற முடியாமல் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தார்கள். அதில் இருந்தது தானியங்காத வாக்குவம் பிரேக். பிரித்த கணமே பின்பாதிக்கு அந்த பிரேக் போய்விட்டது. பத்துப் பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் செத்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். அதே வருஷம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது: பயணிகள் ரயிலில் தானியங்கும் தொடர் பிரேக் கட்டாயம். அதாவது, இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக்.

இன்னொரு தற்செயல். அதே 1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் டிராக் சர்க்யூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தின் ஒரு பகுதியில் ஒரு முனையிலிருந்து சின்ன மின்சாரம் விடுவது, மறுமுனையில் ஒரு ரிலே. மின்சாரம் வந்துகொண்டிருந்தால் பாதை காலி. ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். ரிலேவுக்கு மின்சாரம் போகாது, விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி செத்தாலும், தண்டவாளம் உடைந்தாலும் அதேதான், சிவப்பு. வெஸ்டிங்ஹவுஸ் காற்றில் செய்ததை இவர் மின்சாரத்தில் செய்தார். 1881-ல் ராபின்சனின் கம்பெனியையும் இன்னொன்றையும் சேர்த்து வெஸ்டிங்ஹவுஸ் யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கேதான் இரண்டும் கல்யாணம் கட்டிக்கொண்டன. முடிவெடுப்பது மின்சாரம், தள்ளுவது காற்று. எலக்ட்ரோ-நியூமேட்டிக் என்ற பெயர் அப்படி வந்தது. பிரிட்டனில் இருந்த வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி பின்னாளில் தன் பெயரையே பிரேக் அண்ட் சிக்னல் கம்பெனி என்று வைத்துக்கொண்டது. வெளியே இருந்து பார்த்தால் சம்பந்தமில்லாத இரண்டு வியாபாரம் மாதிரித் தெரியும். உள்ளே ஒரே யோசனை.

லண்டனுக்கு இது வந்தது அமெரிக்கப் பணத்தோடு. சிகாகோவில் டிராம் கம்பெனிகள் நடத்திப் பணமும் கெட்ட பெயரும் சம்பாதித்த சார்ல்ஸ் யெர்க்கீஸ், 1901-ல் லண்டன் டிஸ்ட்ரிக்ட் ரயில்வேயைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அப்போது அது நீராவி எஞ்சின் ஓடுகிற, புகை சூழ்ந்த சுரங்கப்பாதை. அதை மின்மயமாக்க வேண்டும், ரயில்களை நெருக்கமாக விடவேண்டும். நெருக்கமாக விடவேண்டும் என்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு சிக்னல்காரர் நெம்புகோல் இழுத்துக்கொண்டிருப்பது நடக்காது. பாஸ்டனில் 1901-லேயே உயர்மட்ட ரயிலில் தானியங்கி எலக்ட்ரோ-நியூமேட்டிக் சிக்னல் வந்திருந்தது. யெர்க்கீஸின் ஆட்கள் அதே வகையை 1903-ல் திறந்த ஈலிங்–சவுத் ஹாரோ பாதையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு 1905-ல் டிஸ்ட்ரிக்ட் மின்மயமானபோது அங்கேயும், 1906-ல் திறந்த பேக்கர்லூ, பிக்காடிலி பாதைகளிலும், 1907-ல் திறந்த ஹாம்ப்ஸ்டெட் பாதையிலும் அதையே போட்டார்கள். நடுவில் 1904-ல் நியூயார்க் சப்வே திறந்தபோது அங்கும் இதே குடும்பம்தான். நியூயார்க்கில் சிக்னலுக்காக ஆறு துணைநிலையங்களில் ஆறு கம்ப்ரசர் வைத்தார்கள். அதில் மூன்று சும்மா மாற்றுக்கு நிற்பவை. பாதிக்குப் பாதி உபரி. காற்று நின்றால் எல்லாம் நிற்கும் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

சரி, அந்தக் காற்று தரையில் என்னதான் செய்தது? தொடக்க காலத்தில் நிறைய: வெளியில் சிக்னல் கைகளை அசைத்தது, சுரங்கத்துக்குள் விளக்கின் முன்னால் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளை ஏற்றி இறக்கியது, பாதை பிரிகிற இடத்தில் பாயிண்ட்களைத் தள்ளியது. ஆனால் முக்கியமானது டிரெயின்ஸ்டாப். சிக்னலுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்ன இரும்புக் கை. சிக்னல் சிவப்பாக இருந்தால் கை நிமிர்ந்து நிற்கும்; பச்சையானால் படுத்துவிடும். ரயிலின் அடியில் டிரிப்காக் என்று ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு நெம்புகோல் தொங்கும். டிரைவர் தூங்கினாலும், மயங்கினாலும், கவனிக்காமல் விட்டாலும், சிவப்பைத் தாண்டினால் கை அந்த நெம்புகோலைத் தட்டும், வால்வு திறக்கும், பிரேக் குழாயின் காற்று புஸ்ஸென்று வெளியே போகும். அப்புறம் 1872-ன் ஏற்பாடு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதில் நான் ரசித்த இடம் ஒன்று. அந்தக் கையை நிமிர்த்துவது காற்று என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். கிடையாது. நிமிர்த்துவது ஸ்பிரிங். காற்று செய்வது அதைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்வது மட்டும். சிக்னல் பச்சையாகும்போது ஒரு சின்னக் காந்தச் சுருளுக்கு மின்சாரம் வரும், அது வால்வைத் திறக்கும், காற்று சிலிண்டருக்குள் போய் ஸ்பிரிங்கை எதிர்த்துக் கையைக் கீழே அமுக்கும். மின்கம்பி அறுந்ததா? வால்வு மூடும், கை எழும். கம்ப்ரசர் நின்றதா? அழுத்தம் இறங்கும், கை எழும். குழாயை யாரோ கடப்பாரையால் குத்திவிட்டார்களா? கை எழும். தரையில் காற்று போனால் கை எழுகிறது, எழுந்த கை ரயிலின் காற்றைப் போக்குகிறது, ரயிலின் காற்று போனால் பிரேக் பிடிக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காற்று, தரையில் ஒன்று, ரயிலில் ஒன்று. இரண்டும் ஒரே மொழியில் பேசுகின்றன.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கை கீழே படுத்திருக்கும்போது சிக்கிக்கொண்டால்? சிலிண்டரிலிருந்து காற்று வெளியேறும் துளை அடைத்துக்கொண்டால்? ஸ்பிரிங் தள்ளும், காற்று போகாது, கை எழாது. சிக்னல் சிவப்பு, கை மட்டும் பச்சை. இதற்கு லண்டன் ஆட்கள் வைத்த பூட்டு: ஒரு ரயில் கடந்து போனபின் அதற்குப் பின்னால் இருக்கும் கை உண்மையிலேயே எழுந்துவிட்டது என்று ஒரு மின்தொடுப்பு சாட்சி சொல்லவேண்டும். சொன்னால்தான் அதற்கு முந்தின சிக்னல் அடுத்த ரயிலுக்குப் பச்சையாகும். சாட்சி வரவில்லை என்றால் அடுத்த ரயில் ஒரு சிக்னல் முன்னாலேயே நிற்கும். கட்டளை அனுப்பினேன், அதனால் நடந்திருக்கும் என்று நம்புவதில்லை. நடந்ததைப் பார்த்த பின்புதான் அடுத்த அடி. புரோகிராம் எழுதுகிற பலர் இன்றைக்கும் கற்றுக்கொள்ளாத பாடம் இது.

இதெல்லாம் மின்மோட்டாரில் செய்திருக்கக் கூடாதா? 1900-ஐ ஒட்டியே பிரிட்டனில் க்ரூ போன்ற இடங்களில் மின்சாரத்தால் பாயிண்ட்களை நகர்த்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கால மோட்டார் கனமானது, மெதுவானது, அதற்குக் கியர், கிளட்ச் எல்லாம் வேண்டும். குறுகலான குழாய்ச் சுரங்கத்தில் தண்ணீரும் பிரேக் தூசியும் விழுகிற இடத்தில் அதை வைத்துப் பராமரிப்பது பாடு. காற்று சிலிண்டரில் இருப்பது ஒரு பிஸ்டன், ஒரு தண்டு, ஒரு தோல் வாஷர். கையளவு இடத்தில் பெரிய பலம், கண்ணிமைக்கும் நேரத்தில் அசைவு. மேலும், மின்மோட்டாரில் கரண்ட் போனால் அது இருந்த இடத்திலேயே நிற்கும். டிரெயின்ஸ்டாப்புக்கு அது ஆகாது. கரண்ட் போனால் அசையவேண்டிய பொருள் அது. ஸ்பிரிங்கும் காற்றும் அதைச் சும்மா கொடுத்தன. மோட்டாரில் அதே குணத்தைக் கொண்டுவர ஸ்பிரிங்கை மோட்டாரால் இழுத்து, காந்தத்தால் பிடித்துவைத்து, கரண்ட் போனால் விடுகிற மாதிரி தனியாகக் கட்டவேண்டும். கட்டினார்கள், பிற்காலத்தில்.

பாயிண்ட் கதை நேர் எதிர். பாயிண்ட் எந்த நிலையிலும் தானாக நகரக்கூடாது, அதுவும் மேலே ரயில் போகும்போது. அதனால் அதில் ஸ்பிரிங் வேலை இல்லை. இரண்டு பக்கமும் காற்றால் தள்ளி, இயந்திரப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். காற்று போனால் இருந்த இடத்தில் இருக்கும். ஒரே குழாயில் தொங்குகிற இரண்டு கருவிகள். காற்று போனால் ஒன்று அசையவேண்டும், இன்னொன்று அசையவே கூடாது. குழாய்க்கு இது எதுவும் தெரியாது.

இப்படி ஒரு நல்ல சேவை இருந்தால் அடுத்து என்ன நடக்கும்? ஆளாளுக்கு வந்து அதில் தொங்குவார்கள். சிக்னல் அறையில் மனிதர் இழுத்த நெம்புகோல்களை, ஆளில்லா அறைகளில் காற்றே இழுக்கும்படி இன்டர்லாக்கிங் இயந்திரங்கள் வந்தன. 1950-களின் இறுதியில் ராபர்ட் டெல் என்ற தலைமை சிக்னல் பொறியாளர் அவற்றுக்கு மேல் புரோகிராம் மெஷினை வைத்தார். நார்தர்ன் லைனில் கென்னிங்டனில் 1958-ல் முதலில் வந்தது. பிளாஸ்டிக் சுருள் ஒன்று. அதில் அன்றைய டைம்டேபிள் முழுக்கத் துளைகளாகக் குத்தியிருக்கும், ஒரு ரயிலுக்கு ஒரு வரி. ரயில் ஒன்று போனதும் சுருள் ஒரு வரி நகரும், துளைகளைத் தொட்டுப் பார்த்து அடுத்த ரயில் எந்தப் பக்கம் என்று முடிவாகும், காற்று நெம்புகோலைத் தள்ளும். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறியின் மேலே அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு மாநகரத்தின் ரயில்களைப் பல பத்தாண்டுகள் பிரித்து அனுப்பியது.

அப்புறம் மூர்கேட். 1975 பிப்ரவரி 28, காலை நேரக் கூட்டம். மூர்கேட் கடைசி ஸ்டேஷன், அதற்கப்புறம் சுவர். ரயில் வேகம் குறையாமல் நடைமேடையைக் கடந்து, மணல் மேட்டையும் தடுப்பையும் தாண்டி, சுரங்கத்தின் முட்டுச்சுவரில் மோதியது. டிரைவர் உட்பட 43 பேர் பலி. டிரைவர் ஏன் நிறுத்தவில்லை என்று விசாரணையால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அவருக்கு நுழைய அனுமதி இருந்தது. சிவப்பைத் தாண்டிய குற்றத்தை மட்டும் பிடிக்கத் தெரிந்த இரும்புக் கைக்கு, வேகம் என்றால் என்னவென்று தெரியாது.

அதற்குப்பின் செய்த திருத்தம் எளிமையானது. முட்டுச்சுவரில் முடிகிற ஸ்டேஷன்களில், ரயில் நெருங்கும்போதும் டிரெயின்ஸ்டாப்கள் நிமிர்ந்தே இருக்கும். டிராக் சர்க்யூட்டில் ரயில் ஏறிய கணத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடும். குறிப்பிட்ட நேரம் கழிந்தால்தான் கை படுக்கும். மெதுவாக வந்தவன் போவான். வேகமாக வந்தவன் கை படுக்கும் முன்பே வந்து தட்டிவிடுவான். புது இயந்திரம் ஏதும் தேவைப்படவில்லை, ஒரு தாமத ரிலேவும் ஏற்கெனவே இருந்த வகைக் கையும் போதும். எனக்கு இது மிக நேர்த்தியான தீர்வாகப் படுகிறது. ஆனால் காற்றுக் குழாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், 43 உயிர் கொடுத்து வாங்கிய ஒரு பாதுகாப்பும் இப்போது இந்தக் குழாயில் வந்து தொங்கிவிட்டது. இனி இதைக் கழற்ற நினைக்கிறவன் மூர்கேட்டுக்கும் பதில் சொல்லவேண்டும்.

காற்றுக்கு என்ன குறை, ஏன் கழற்றவேண்டும் என்று கேட்கலாம். முதல் எதிரி தண்ணீர். காற்றை அமுக்கினால் சூடாகும். அது குழாயில் போகப்போக ஆறும். ஆறும்போது அதிலிருந்த ஈரம் தண்ணீராக இறங்கும். கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே ஆறவைத்து, உலர்த்தி, தாழ்வான இடங்களில் தண்ணீரை வடிக்க ஏற்பாடு வைத்தாலும் கொஞ்சம் போய்ச் சேரும். பெயர்தான் அண்டர்கிரவுண்ட், பாதையில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம், திறந்தவெளி. லண்டன் குளிரில் வால்வுக்குள் அந்தத் தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன ஓட்டைதான்: காற்று வெளியேறும் துளை அடைபடும். அந்தச் சாட்சி ஏற்பாடு இருப்பதால் ஆபத்து வராது. ஆனால் காலை ஏழு மணிக்கு ரயில்கள் வரிசையாக நிற்கும்.

இரண்டாவது கசிவு. பல மைல் குழாய், ஆயிரக்கணக்கான மூட்டு. 4 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று வழியாக, நான் போட்ட கணக்கில், வினாடிக்கு 5 லிட்டர் அளவு காற்று போகும். அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் செலவழிப்பது ஒன்று, ஒன்றரைக் கிலோவாட். ஒரு டன் ஏசி ஒன்று இரவும் பகலும் யாருக்குமில்லாமல் ஓடுகிற மாதிரி. ஒரே ஒரு ஓட்டைக்கு. கசிவே இல்லாவிட்டாலும் அழுத்திய காற்று விலை உயர்ந்த சக்தி. தொழிற்சாலைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, கம்ப்ரசருக்குக் கொடுத்த மின்சாரத்தில் பத்து, பதினைந்து சதவீதம்தான் கடைசியில் வேலையாகத் திரும்புகிறது. மீதி வெப்பம். ஏற்கெனவே சூட்டில் திணறுகிற சுரங்க ரயிலுக்கு அது வேண்டாத விருந்தாளி. கசிவைத் தேடி அடைக்க நேரமோ கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில் நாலு மணி நேரம் இருந்தால் அதிகம்.

முதல் விடுதலை 1968-ல் விக்டோரியா லைனில் வந்தது. உலகின் முதல் முழுநீளத் தானியங்கி ரயில்பாதைகளில் ஒன்று. டிரைவர் பொத்தானை அமுக்கினால் ரயில் தானாக ஓடும். தண்டவாளத்தில் மின்துடிப்புகள்: நிமிடத்துக்கு 420 துடிப்பு என்றால் முழு வேகம், 270, 180 என்றால் மெதுவான வேகம். துடிப்பே இல்லை என்றால்? அவசர பிரேக். இரும்புக் கைக்கு அங்கே வேலை இல்லை. "சத்தம் இல்லாவிட்டால் நில்" என்ற வெஸ்டிங்ஹவுஸ் யோசனை காற்றிலிருந்து தண்டவாளத்து மின்சாரத்துக்கு இடம் மாறியது. ரயிலுக்குள்ளும் அதே காலத்தில் ஒரு கம்பி ரயில் முழுக்கச் சுற்றி வரும்படி வைத்தார்கள். அதில் மின்சாரம் ஓடும்வரை பிரேக் விட்டிருக்கும், அறுந்தால் பிடிக்கும். ஆனால் விக்டோரியாவில்கூட பாயிண்ட்களைத் தள்ளியதும், புரோகிராம் மெஷின் சொன்னபடி நெம்புகோலை இழுத்ததும் காற்றுதான். டிரெயின்ஸ்டாப் போனது, குழாய் இருந்தது.

இங்கேதான் சிக்கலின் கரு. ஒரு பாதையில் நூறு கருவிகள் காற்றில் ஓடுகின்றன என்று வையுங்கள். தொண்ணூறை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டீர்கள். செலவு தொண்ணூறு சதவீதம் குறையுமா? குறையாது. அந்தப் பத்துப் பாயிண்ட் பாதையின் இரண்டு கோடியிலும் இருந்தால், அவற்றுக்காக முழுக் குழாய், கம்ப்ரசர், மாற்றுக் கம்ப்ரசர், உலர்த்தி, கசிவு தேடும் ஆட்கள் எல்லாம் இருந்தாகவேண்டும். கசிவு மூட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, வாடிக்கையாளரின் எண்ணிக்கையை இல்லை. கடைசிப் பத்துப் பேருக்குத் தலைக்கு ஆகும் செலவு எங்கோ போய்விடும். ஒரு தெருவில் கடைசி வீடும் காலி செய்கிறவரை தெருவிளக்கு எரியவேண்டும், அந்தக் கதை. பழைய டேட்டாபேஸ் ஒன்றை நிறுத்த முயன்றவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது என்று மேலே ரிப்போர்ட் போயிருக்கும். மின்கட்டணம் மட்டும் அசையாது.

அதனால் இதை எடுக்கிறவர்கள் கருவி கருவியாக எடுப்பதைவிடப் பகுதி பகுதியாக எடுக்கப் பார்க்கிறார்கள். ஒரு பகுதிக்குப் புது சிக்னல் முறை வரும்போது, அங்கே காற்றைக் குடிக்கிற எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் அந்த வால்வை மூடமுடியும். ஜூபிலி லைனில் 2011-லும் நார்தர்ன் லைனில் 2014-லும் வந்த புது முறையில் ரயிலுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் தண்டவாள நடுவில் போட்ட கேபிள் வழியாகப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். டெல்லின் துளைச் சுருள்களுக்கு நார்தர்ன் லைனில் அதோடு வேலை முடிந்தது. சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட், ஹாமர்ஸ்மித், மெட்ரோபாலிட்டன் ஆகிய நான்கு பழைய பாதைகளுக்கு ரேடியோ வழியாகப் பேசும் முறை. அதன் முதல் துண்டு, ஹாமர்ஸ்மித்துக்கும் லாட்டிமர் ரோடுக்கும் நடுவே, 2019 மார்ச்சில் உயிர் பெற்றது. இவற்றிலும் ரயிலுக்குக் கிடைப்பது "இந்த இடம்வரை போகலாம்" என்ற அனுமதிதான். அது அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டும். பேச்சு அறுந்தால் சில வினாடிகளில் ரயில் தானாக நிற்கும். இந்த நான்கு பாதைகளில் ஒன்றான டிஸ்ட்ரிக்ட்தான் 1905-ல் காற்றுக்கு மாறியது. வாசல் வழியாக வந்தது அதே வாசல் வழியாகப் போகிறது என்று சொல்லலாம். 114 வருஷம் கழித்து, துண்டு துண்டாக.

சிக்னலை மாற்றினாலும் பாயிண்ட்டைத் தள்ள இன்னமும் பலம் வேண்டும். அதற்கு இன்று நல்ல மின்மோட்டார்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் மோட்டார் பொருந்த இடம், புது மின்கேபிள், புதுப் பூட்டு, புதுச் சோதனை என்று வேலை நீளும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பிஸ்டனை எடுத்துவிட்டு மோட்டார் வைக்க எந்த மேலாளர் இரவு வேலை நேரத்தை ஒதுக்குவார்? அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தத் தனிப் பாயிண்ட்டைப் பார்த்தால் லாபமே இல்லை. குழாய் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் லாபம். அந்த முழுக் கணக்கு ஒரே ஆளின் பட்ஜெட்டில் வருவது அபூர்வம்.

பிக்காடிலி, பேக்கர்லூ இரண்டும் இன்னும் பழைய முறையில் நிற்பவை. பிக்காடிலிக்கு சீமென்ஸ் புது ரயில்கள் கட்டுகிறது. புது சிக்னல் முறைக்குப் பணம் கிடைக்காமல் அது தள்ளிப்போனதால், அந்தப் புது ரயில்களும் பழைய சிக்னல்களின் கீழேயே ஓடத் தொடங்கவேண்டும். பேக்கர்லூவில் ஓடுவது 1972-ல் வடிவமைத்த ரயில்கள். பிரிட்டனில் தினசரிப் பயணிகள் சேவையில் இருப்பவற்றில் மிகப் பழையவை அவைதான். அவற்றின் அடியில் டிரிப்காக் தொங்குகிறது. 1906-ல் பாதை திறந்தபோது வைத்த அதே யோசனைப்படி, ஒவ்வொரு சிவப்பு சிக்னலுக்குப் பக்கத்திலும் ஸ்பிரிங் ஒரு கையை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பச்சையானதும் துணைநிலையத்திலிருந்து வருகிற காற்று அதைக் கீழே அமுக்குகிறது.